ஃபயர்வாலை அணைப்பதற்கு முன்

சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து ஒரகடம் போகிற சாலையில் உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள், ஜிஎஸ்டி சாலையோரம் ஆடிட்டர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை. எங்கே போனாலும் புகார் ஒன்றுதான்: “நேத்து வரைக்கும் அந்த ஷேர்டு ஃபோல்டர் ஓப்பன் ஆச்சு சார், இன்னிக்கு ஆகல.” சிஸ்டம் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, இந்தப் புகாரோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் சொல்லிவைப்பது இது.

1. மவுஸைத் தொடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லாருக்கும் திறக்கவில்லையா, ஒருவருக்கு மட்டுமா? எல்லாருக்கும் என்றால் ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தையோ ஸ்விட்சையோ பாருங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் சிஸ்டத்தில் உட்காருங்கள். அடுத்து, நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? புது மோடமா, விண்டோஸ் அப்டேட்டா, பாஸ்வேர்டா? “ஒண்ணும் மாத்தலையே” என்று முதலில் சொல்வார்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

2. ஐபி எண்ணைப் பாருங்கள். ஃபோல்டர் இருக்கும் சிஸ்டம், அதைத் திறக்க முடியாத சிஸ்டம் இரண்டிலும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் தொடங்கினால், அநேகமாக யாரோ பழைய ரூட்டருக்குப் பின்னால் புது ரூட்டரை மாட்டியிருக்கிறார்கள். 169.254 என்று தொடங்கினால் அந்த சிஸ்டத்துக்கு ரூட்டர் எண்ணே கொடுக்கவில்லை. கேபிளையும் ஸ்விட்சின் விளக்கையும் பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் லேப்டாப்புக்குப் பக்கத்து சிஸ்டம் தெரியாது. அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

3. பெயரை விட்டு எண்ணால் கூப்பிடுங்கள். ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபி எண்ணை அடியுங்கள். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலைக் குறை சொல்லாதீர்கள். பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நெட்வொர்க் பட்டியலில் சிஸ்டம் தெரியவில்லை என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். பட்டியலில் வராமலே ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கும்.

4. பிங் போகவில்லை என்று கையை விரிக்காதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்துவைப்பது உண்டு. ஃபோல்டர் பகிர்வு எஸ்எம்பி என்ற முறையில், டிசிபி 445 போர்ட் வழியாக நடக்கிறது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு அந்தப் போர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் ஃபயர்வால் வழிவிட்டிருக்கிறது. மிச்சக் கோளாறு அனுமதியில். ஃபால்ஸ் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

5. நெட்வொர்க் பப்ளிக்கா, பிரைவேட்டா? நான் பார்த்தவரை அதிகம் மாட்டுவது இங்கேதான். மோடம் மாற்றினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையைப் போல நினைத்து பப்ளிக்கில் போட்டுவிடும்; பகிர்வுக் கதவு சாத்திக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் திறந்து பிரைவேட் ஆக்குங்கள். பிறகு ஃபயர்வாலில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ வரிக்குப் போய், பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள். பப்ளிக் கட்டத்தில் வேண்டாம். அது லேப்டாப்பாக இருந்தால் நாளைக்கே கோவளத்தில் ஏதாவது ஹோட்டல் வைஃபையில் உட்காரும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள் தனி ஃபயர்வால் இருக்கலாம். அங்கேயும் பிரைவேட் ஆக்க வேண்டும்.

6. பிழைச் செய்தியைப் படியுங்கள். ‘நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்’, அல்லது 80070035 என்று முடியும் எண் வந்தால் நீங்கள் அந்த சிஸ்டம் வரை போய்ச் சேரவே இல்லை. ‘ஆக்சஸ் டினைட்’ என்றால் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், உள்ளே விடவில்லை. 1219 வந்தால், அதே சிஸ்டத்தில் வேறு யூசர் பெயரில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போங்கள்.

7. அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் ஒன்று. வாசல் கேட் திறந்திருந்தாலும் அறை பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாதில்லையா? இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் செல்லும். கடுப்பில் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டு வராதீர்கள். சம்பளக் கணக்கு ஃபோல்டரை எல்லாரும் திறக்கலாம் என்றால் முதலாளி உங்களைத்தான் கூப்பிடுவார்.

8. பின் எண் வேறு, பாஸ்வேர்டு வேறு. சிஸ்டத்தைத் திறக்கும் நாலு இலக்க பின் நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத யூசரையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடாது. ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தில் இதற்கென்று ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டு போட்டு, அதையே எல்லாருக்கும் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டு மாறியிருந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழசை அழியுங்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பின் புரோ வகையில் கெஸ்டாக நுழைவதும் அடைபட்டுவிட்டது.

9. பழைய எக்ஸ்பி சிஸ்டத்துக்காக எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐத் திறக்காதீர்கள். அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். நம்ம ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையிலும் உற்பத்தி பாதிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. பழைய மெஷின் வேண்டும்தான் என்றால் அதை மற்ற சிஸ்டங்களில் இருந்து பிரித்துவையுங்கள். 445ஐ இன்டர்நெட் பக்கம் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

10. திரும்ப வராதபடி செய்துவிட்டு வாருங்கள். ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்துக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய்வந்த பிறகு எண் மாறக்கூடும். அது தூங்காதபடி ஸ்லீப்பை நிறுத்துங்கள். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் தாங்காது என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சோதனைக்காக ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைப்பது தப்பில்லை. அணைத்ததும் ஃபோல்டர் திறந்தால், எந்த விதி தடுக்கிறது என்று தேட உங்களுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. அவ்வளவுதான், வேலை இன்னும் முடியவில்லை. அந்த விதியைச் சரிசெய்து, ஃபயர்வாலைத் திரும்பப் போட்டு, ஃபோல்டர் திறப்பதை வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டிய பிறகு பில்லை நீட்டுங்கள்.