ராத்திரி 2 மணிக்கு சீனியரை எழுப்பலாமா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. பொது மருத்துவம் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் நைட் டியூட்டி தொடங்குகிறது. வார்டில் நானும் ஒரு ஹவுஸ் சர்ஜனும்தான் இருப்போம். என் கையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று இப்போதே தூக்கம் வருவதில்லை. எடுத்ததற்கெல்லாம் சீனியரைக் கூப்பிட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்பார்களோ என்றும் பயம். எப்படித் தயாராவது?
— முதலாண்டு மாணவி, தென்மாவட்டம்

பதில்: எழுப்புங்கள். தயங்கவே வேண்டாம். உங்களுக்கு எல்லா வைத்தியமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த யூனிட்டும் எதிர்பார்ப்பதில்லை. இந்த வார்டில் இன்றிரவு யார் மோசமாகப் போகிறார் என்று நேரத்தோடு கண்டுபிடித்துச் சொன்னால், முதலாண்டில் அதுவே பெரிய வேலை.

ஒரு நோயாளியைச் சொல்கிறேன். டெங்கு, ஐந்தாம் நாள், 22 வயதுப் பையன். "காய்ச்சல் விட்ருச்சு டாக்டர், காலையில வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?" என்று அம்மா சந்தோஷமாகக் கேட்கிறார். பிபி 100/84. மேல் அளவு 100 இருக்கிறதே என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடத் தோன்றும். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 16. டெங்குவில் அது 20-க்கு வந்துவிட்டாலே ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து, பையன் ஷாக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இந்தக் கசிவு வரும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். மேல் அளவு சரியும்வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம். கையைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இப்போது போனை எடுங்கள். "அண்ணா, பேஷன்ட் கொஞ்சம் சரியில்ல" என்று மட்டும் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "பார்த்துக்கோ" என்று வைத்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, மெடிசின் வார்டு 14-ஆம் பெட், டெங்கு அஞ்சாம் நாள். காய்ச்சல் விட்டிருக்கு, ஆனா பிபி 100/84, பல்ஸ் 124, கை ஜில்லுன்னு இருக்கு. ஹீமடோக்ரிட் 40-ல இருந்து 48 ஆயிருக்கு. ஷாக்குன்னு நினைக்கிறேன். ஃப்ளூயிட் ஆரம்பிக்கிறேன், நீங்க நேர்ல வரணும்." அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டுவிட்டு யாரும் திரும்பிப் படுக்க மாட்டார்கள். அப்படியும் வரவில்லை என்றால், எத்தனை மணிக்கு, யாரிடம், என்ன சொன்னீர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, டியூட்டி உதவிப் பேராசிரியரைக் கூப்பிடுங்கள். திட்டு விழலாம். விழட்டும். அந்தப் பையனுக்கு அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

மூச்சு எண்ணிக்கையை நீங்களே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பல கேஸ் ஷீட்டுகளில் எல்லா நோயாளிக்கும் 20 என்றே எழுதியிருக்கும். பிபி இறங்குவதற்கு வெகுமுன்பே மூச்சு வேகமெடுத்துவிடும் என்பதால் இதை விடாதீர்கள். அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க டாக்டர்" என்றால், காரணம் கேட்காமல் எழுந்து போங்கள்.

ஆர்டர் எழுதும்போது இரண்டில் மிகக் கவனம் வேண்டும். இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம்போலத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். எந்த ஆம்பூலையும் உடைப்பதற்கு முன் லேபிளை வாய்விட்டுப் படியுங்கள்.

காலையில் டியூட்டி மாற்றும்போது "எல்லாரும் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு ஓடாதீர்கள். யார் மோசம், என்ன ரிசல்ட் வரவேண்டியிருக்கிறது, இப்படி ஆனால் என்ன செய்வது என்று சொல்லி, வாங்கிக்கொள்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 குழந்தை மருத்துவமனைகளில் பணி ஒப்படைப்பை இந்த மாதிரி ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளியானது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை.

உங்கள் உடம்புக்கு வருகிறேன். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளோ 'நியாயமான பணி நேரம்' என்பதோடு நின்றுவிடுகின்றன, எண் எதுவும் இல்லை. இது மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த வாரத்துக்குள் மாறாது. அதனால் கிடைக்கும் இடைவெளியில் சாப்பிடுங்கள், அரை மணி நேரமாவது படுங்கள். விடிய விடிய விழித்துவிட்டு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். டியூட்டி ரூமில் தூங்கிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடியுங்கள்.

சேர்ந்த வாரத்திலேயே ஹெபடைடிஸ்-பி ஆன்டிபாடி அளவைப் பார்த்துவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், ஸ்பிரிட் வைக்க வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று உடனே போய்க் கேளுங்கள். தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்தப் பயம் முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் இருக்கும். அதற்கப்புறமும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே. யூனிட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயக்கமாக இருந்தால், கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத மனநல மருத்துவர் ஒருவரை வெளியில் பாருங்கள்.