வெல்லத்தின் நிறமும் செயற்கை நுண்ணறிவும்

வணிகப் பெருமக்கள் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்டு வரும் சொல் செயற்கை நுண்ணறிவு. பில் போடும் செயலி விற்க வருபவர் அதைச் சொல்கிறார், வங்கியில் சொல்கிறார்கள், வீட்டில் பிள்ளைகளும் சொல்கிறார்கள். இது நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிக்கும் காலம் கடந்து விட்டது. பல கடைகளில் செல்போன் வழியாகப் பெயர் தெரியாமலே புகுந்து விட்டது. எந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்வது, எந்த வேலையை அதனிடம் விடக் கூடாது என்பதையே நாம் இப்போது படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பழைய கணக்குகளை ஏராளமாகப் படித்து, அவற்றில் உள்ள பழக்கத்தைக் கண்டுபிடித்து, அதே பழக்கப்படி அடுத்ததைச் சொல்கிறது. கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் முதலாளி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது போலத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. பையன் என்றாவது ஒரு நாள் “ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்கிறோம்?” என்று கேட்பான். கருவி கேட்காது.

நமது நெய்க்காரப்பட்டி வட்டாரத்துக்குப் பழக்கமான சரக்கை வைத்தே இதை விளக்கலாம். வெல்லத்தைப் போட்டோ எடுத்தால் தரத்தையும் விலையையும் சொல்லிவிடும் கருவி ஒன்றை ஒருவர் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டு ஏல விலைகளையும், அந்தந்தச் சிப்பத்தின் படங்களையும் அதற்குக் கொடுத்துப் பழக்குகிறார். கருவி என்ன கற்றுக்கொள்ளும்? பளிச்சென்ற மஞ்சள் என்றால் உயர்ந்த விலை, கருத்த நிறம் என்றால் தாழ்ந்த விலை என்று கற்றுக்கொள்ளும். ஏனென்றால் வெளியூர்க் கொள்முதல்காரர்கள் நிறத்தைப் பார்த்தே விலை கேட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த நிறம் எப்படி வருகிறது என்பது ஆலை வைத்திருப்பவர்களுக்கும் நமக்கும் தெரியும். கரும்பு ரகம், நிலத்தின் உப்பு, பாகு இறக்கும் பதம் எல்லாம் நிறத்தை மாற்றும். சுண்ணாம்பும் வெண்டைத் தண்டின் சாறும் விட்டு அழுக்கெடுத்துக் காய்ச்சிய வெல்லம் பழுப்பாகவே இருக்கும். ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொப்பரையில் போட்டால் தங்க நிறம் வந்துவிடும். வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாலும் நிறம் வெளுக்கும். தமிழகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய கலப்படத்தைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கருவி, நேர்மையாகக் காய்ச்சியவரின் சிப்பத்துக்குக் குறைந்த மதிப்பும், கலப்படச் சிப்பத்துக்கு உயர்ந்த மதிப்பும் போடும். போட்டது மட்டுமல்ல, “மெஷினே சொல்லிவிட்டது” என்ற அந்தஸ்தையும் அந்த விலைக்குக் கொடுத்துவிடும். தரகர் விலை சொன்னால் விவசாயி எதிர்த்துப் பேசலாம். திரையில் வந்த எண்ணோடு யார் வாதாடுவது? நம்முடைய பழைய தவறு கணக்காக மாறி, வேகமாகவும் ஊர் முழுவதும் ஒரே சீராகவும் நடக்கத் தொடங்கும். இதில் கருவி செய்த குற்றம் ஒன்றுமில்லை. நாம் கொடுத்த பாடத்தைத்தான் அது ஒப்பிக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமேசான் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கருவியைத் தயாரித்தது. முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே கருவி பெண்களின் விண்ணப்பங்களை மட்டந்தட்டியது. சரிசெய்யப் பார்த்து, நம்பிக்கை வராமல் கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது.

மளிகைக் கடையில் இதே சிக்கல் கடன் நோட்டில் வரும். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று சொல்லும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. ஒரு தெருவைச் சேர்ந்த நாலு பேர் பாக்கி வைத்தால், அதே தெருவின் ஐந்தாவது ஆளுக்கும் ‘வேண்டாம்’ என்று அது சொல்லக் கூடும். கரும்பு வெட்டுக் கூலி கைக்கு வந்த பிறகே பாக்கி தீர்க்கும் குடும்பத்தை, மாதச் சம்பளக்காரரின் கணக்கோடு ஒப்பிட்டு ‘தாமதம்’ என்று குறித்துவிடும். அந்தக் குடும்பம் ஒரு பைசா பாக்கி வைக்காதது என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். கடன் மறுப்பதென்றால் மறுப்பவர் முதலாளியாக இருக்கட்டும். காரணத்தை முகம் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

சரக்குக் கொள்முதல் மதிப்பீட்டுக்கு இக்கருவி உண்மையிலேயே உதவும். எந்தப் பருப்பு எந்த வாரத்தில் தீரும், எது தூங்குகிறது என்று அலுக்காமல் பார்த்துச் சொல்லும். தவறினாலும் நட்டம் நம்மோடு போகும் என்பதால் பழகிப் பார்க்க ஏற்ற இடம் இதுவே. ஆனாலும் ஆங்கிலத் தேதியை மட்டும் நம்பவிடக் கூடாது. பழனித் தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25. 2025-ல் பிப்ரவரி 11. 2026-ல் பிப்ரவரி 1. சென்ற ஆண்டின் அதே தேதியைப் பார்த்து ஆர்டர் போட்டால், பாதயாத்திரைக் கூட்டம் போன பிறகு சரக்கு வந்து இறங்கும்.

அடுத்தது வாடிக்கையாளரின் விவரங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. காகிதக் கடன் நோட்டு இச்சட்டத்துக்குள் வராது. அதைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றிய நிமிடமே வந்துவிடும். இதை உறுப்பினர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டத்திலேயே கடைக்காரருக்கு ஏற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. மருந்துக் கடையில் பணம் கட்டிய ஒருவர், ரசீதை அனுப்பச் சொல்லித் தன் செல்போன் எண்ணைத் தருகிறார். கடைக்காரர் அந்த எண்ணை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். தீபாவளிச் சலுகை அனுப்பவோ, வேறொரு கம்பெனிக்குக் கொடுக்கவோ வேண்டுமானால் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். கேட்பதைத் தமிழிலும் கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பதை நம் தகப்பனார்கள் அடுத்த கடைக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இலவசச் செயலி என்பதற்காக அந்த நோட்டை முகம் தெரியாதவரிடம் தூக்கிக் கொடுப்பது எந்த வகை வியாபாரம்?

வாட்ஸ்அப்பில் நமக்குப் பதிலாக விலை சொல்லும், ஆர்டர் எடுக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. அது தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு? ஏர் கனடா விமானக் கம்பெனியின் கருவி, துக்க காரியத்துக்குச் சென்ற பயணியிடம் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. தன் சொல்லுக்குக் கருவியே பொறுப்பு என்ற தோரணையில் கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை; சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியதுதான். ஆனால் கடையின் பெயரில் பேசியது கடை பேசியதாகவே கொள்ளப்பட்டது. விளம்பரமும் அப்படியே. ‘நாட்டுச் சர்க்கரைக்கு ஒரு விளம்பரம் எழுது’ என்றால், நீரிழிவு குணமாகும் என்றுகூட அது கூச்சமின்றி எழுதும். தவறான உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைக் கட்டப்போவது கருவி இல்லை.

தமிழக அரசு 2020-ல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுத் துறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், பாரபட்சம் இருக்கிறதா, அந்தரங்கம் காக்கப்படுகிறதா, தவறாகப் பயன்படுத்த இடமிருக்கிறதா, தணிக்கை செய்ய முடியுமா என்று அது கேட்கும் கேள்விகள் நமக்கும் பொருந்தும். வெல்லக் கருவிக்காரர் வந்தால் இருபது சிப்பங்களை வைத்து, ஆய்வகச் சோதனை முடிவோடு அதன் மதிப்பெண்ணை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்கினால் வாங்க வேண்டியதில்லை.

செயலிக்குப் பணம் கட்டுமுன் விற்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வோம். நம் கணக்கு எங்கே வைக்கப்படுகிறது? நம் கணக்கைக் கொண்டு வேறு யாருக்காவது கருவி பழக்கப்படுமா? நாளை நாம் விலகினால், கடன் பாக்கி உட்பட முழுக் கணக்கையும் எத்தனை நாளில், எந்த வடிவில் திருப்பித் தருவார்? மூன்றாவதற்குப் பதில் வரும் வரை பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.