பழைய போன் ஒன்றை வாங்கிக்கொள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வேப்பந்தட்டை சர்வீஸ் கடையில் டிஸ்ப்ளே மாற்றவும் சார்ஜிங் பின் சால்டர் வைக்கவும் கை பழகிவிட்டது, இனி சாஃப்ட்வேரும் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித்தந்த வாத்தியார் எல்ஜி ஆப்டிமஸ் ஒன்.

2010 கடைசியில் வந்த போன் அது. 3.2 அங்குலத் திரை, 600 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், ஆண்ட்ராய்டு 2.2. ரூட் செய்து, கிளாக்வொர்க்மாட் ரெக்கவரி ஏற்றி, சயனோஜென்மாட் 7 என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுவிட்டால் பிராசஸர் வேகத்தைக்கூட நாமே கூட்டலாம். ஸ்டீவ் கோண்டிக் 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட்டுக்காக முகம் தெரியாத எத்தனையோ பேர் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள். அந்த உழைப்பு பெரம்பலூர்ப் பக்கம் இருந்த என் கைக்குக் காசில்லாமல் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது தமிழ்தான். எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியில் பிட்மேப் எழுத்துருவை இயக்கினால் அவர்கள் சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பும். பலருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. சிஸ்டத்துக்குள் போய், எழுத்துரு கோப்பை எடுத்துவிட்டுத் தமிழ் உள்ள கோப்பை வைத்தேன். கட்டங்கள் போயின. ஆனால் 'பெரம்பலூர்' என்பது 'பரெம்பலூர்' என்று நின்றது!

யூனிகோடில் 'ப' முதலில் பதிவாகும், கொம்பு அதற்குப் பின்னால். திரையில் கொம்பை இழுத்து முன்னால் வைப்பது எழுத்தை வரையும் என்ஜினின் பொறுப்பு. அந்த ஆண்ட்ராய்டில் தமிழுக்கு அது நடக்கவில்லை. எழுத்துருவை எத்தனை தடவை மாற்றினாலும் சரியாகாது. ஆண்ட்ராய்டின் 4ஆம் வரிசைப் பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் என்ற வரையும் என்ஜின் தமிழுக்கும் வேலை செய்த பிறகே கொம்பு தன் இடத்துக்கு வந்தது. கோளாறு தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறு. கடையிலும் இதே பாடம்தான்: டெட் போன் வந்ததும் ஐசியைச் சூடாக்கக் கிளம்பாதே. பேட்டரி, சார்ஜிங் லைன், பவர் பட்டன் என்று வரிசையாகத் தேடிக்கொண்டு போ.

இன்னொன்று. எதை மாற்றினாலும் முதலில் மெமரி கார்டில் முழு பேக்கப் எடு. திரும்பி வர வழி வைத்திருப்பவனால்தான் பயமில்லாமல் உள்ளே போக முடியும்.

இன்று பல கம்பெனிகள் போனைத் துவக்கும் பூட்லோடரைப் பூட்டியே விற்கின்றன. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளைத் திறந்து பார்க்க உரிமை வேண்டும். சயனோஜென்மாட் 2016 கடைசியில் நின்றுபோனது. அதன் வாரிசு லினியேஜ் ஓஎஸ் நடக்கிறது. அது ஓடும் போன்களின் பட்டியலில் உள்ள பழைய போன் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள். பூட்லோடரைத் திறந்தால் உள்ளே உள்ளதெல்லாம் அழியும், நினைவில் வை.

கடைக்கு வரும் போனில் பழகிப் பார்க்காதே. அதில் யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் இருக்கும்.

வாங்கியதும் மாடல் பெயரை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்