வில் வேட்டையும் காட்டுப்பன்றியும்: ஒரு மஸ்அலா விளக்கம்

அமெரிக்காவில், குறிப்பாக டெக்ஸாஸ் மாநிலத்தில், தொழில் நிமித்தம் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகளை உடன் வேலை பார்க்கும் நண்பர்கள் லீவு நாளில், "எங்கள் பண்ணைக்கு வா, வில்லால் காட்டுப்பன்றி வேட்டையாடலாம்" என்று அழைப்பதுண்டு. பிள்ளை ஊருக்குப் போன் போட்டு உம்மாவிடம் கேட்கிறான்: "தின்பதுதானே ஹராம், கொல்வதுமா ஹராம்? வில் எய்வது சுன்னத்தாயிற்றே?" உம்மா யாரிடமாவது விசாரித்தால், "பன்றியா? அஊது பில்லாஹ்!" என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெறுப்பு ஒரு மஸ்அலாவுக்குப் பதிலாகாது. பிள்ளை கேட்டிருப்பது முறையான கேள்வி. அதற்கு ஃபிக்ஹு நூல்களில் விடையும் இருக்கிறது.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

அமெரிக்காக் கண்டத்தில் ஆதியில் பன்றியே கிடையாது. 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி ஃபுளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு உணவாகப் பன்றிகளையும் ஓட்டி வந்தான். அவற்றில் தப்பியவையும், பின்னால் வந்த குடியேறிகள் அவிழ்த்து விட்டவையும் காடேறின. போதாக்குறைக்கு 1930-களில் சிலர், வேட்டை விளையாட்டுக்காகவே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து டெக்ஸாஸில் விட்டார்கள். எல்லாம் கலந்து பெருகி, இன்று அந்நாட்டில் 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்றும், டெக்ஸாஸில் மட்டும் 26 லட்சம் அளவில் இருக்கும் என்றும் கணக்கிடுகிறார்கள். ஒரு பெண் பன்றி எட்டு மாத வயதுக்குள்ளாகவே சினைப்பட்டு விடும். 115 நாள் அளவில் குட்டி போடும். இரவில் கூட்டமாக வந்து, மூக்கால் நிலத்தைக் கிண்டிப் புரட்டி, விதைத்த சோளத்தையும் நிலக்கடலையையும் வரிசை வரிசையாகத் தின்றுவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் ஏர் உழுத நிலம் போலக் கிடக்கும். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏற்படும் நஷ்டம் குறைந்தது 150 கோடி டாலர் என்பது பழைய மதிப்பீடு. பிந்திய மதிப்பீடுகள் இன்னும் அதிகம் சொல்கின்றன.

ஆகவே அங்கே பன்றியைக் கொல்வது பொழுதுபோக்கு மட்டுமல்ல, விவசாயியின் வயிற்றுப் பிரச்சனையும்கூட. டெக்ஸாஸில் அதற்குப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் காட்டுப்பன்றியைக் கொல்ல வேட்டை உரிமமும் தேவையில்லை என்று சட்டம் ஆகிவிட்டது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். பன்றி இறைச்சி ஹராம் என்பது திருக்குர்ஆனில் நான்கு இடங்களில் வருகிறது. அதில் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லை. (புழு இருப்பதால்தான் ஹராம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "நன்றாக வேகவைத்தால் புழு செத்துப்போகும்" என்று டெக்ஸாஸ்காரர் சொல்கிறார், அவர் சொல்வது உண்மையும்தான். அப்போது நம் வாதம் என்னாவது? அல்லாஹ் விலக்கினான், நாம் விலகினோம். இதுவே நமக்குப் போதும்.) ஆனால் தின்பது ஹராம் என்பதால் கொல்வதும் ஹராம் என்று ஆகிவிடாது. தேளைத் தின்னக் கூடாது, கொல்லலாம். உயிருக்கும் பயிருக்கும் தீங்கு செய்யும் பன்றியைக் கொல்லலாம் என்பதே ஃபிக்ஹு இமாம்களின் முடிவு. ஈஸா (அலை) அவர்கள் இறங்கி வரும்போது பன்றியைக் கொல்வார்கள் என்ற பிரபலமான ஹதீஸையும் இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பன்றியைக் கொல்வது பற்றிய பாடத்தை வியாபாரம் பற்றிய நூலில் வைத்திருப்பது கவனிக்கத் தக்கது. விற்கத் தகாத பொருளுக்கு மதிப்பில்லை என்ற கருத்து அதில் தொக்கி நிற்கிறது.

ஆக, பிள்ளையின் முதல் கேள்விக்கு விடை: தீங்கைத் தடுக்க என்றால் ஆகும்.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. வில் எய்வது சுன்னத்துதானே என்கிறான். உண்மை. பலம் என்பது எய்தலே என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று சொன்னதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். வில்லால் வேட்டையாடுவது பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி), அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) ஆகிய ஸஹாபிகள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த பதில்களும் ஹதீஸ் நூல்களில் ஒரு தனிப் பாடமாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பதில்களை ஊன்றிப் படியுங்கள். அல்லாஹ்வின் பெயர் சொல்லி எய்தாயா? அம்பின் கூர் துளைத்ததா, அல்லது கட்டை பக்கவாட்டில் அடித்துச் செத்ததா? ஒரு நாள் கழித்துக் கண்டெடுத்தாயானால், உன் அம்பின் காயம் தவிர வேறு காயம் உண்டா? தண்ணீரில் விழுந்து கிடந்ததா? இத்தனையும் எதற்கு? அந்த இறைச்சியை உண்ணலாமா என்று தீர்மானிப்பதற்கு. வேட்டை என்ற பாடம் முழுவதும் சோற்றுத் தட்டில் போய் முடிகிறது. உண்ண முடியாத பிராணியின் மீது அந்தப் பாடத்தைப் பொருத்தி, "நான் சுன்னத்தைச் செய்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. பன்றி மீது ஆயிரம் தடவை பிஸ்மில்லாஹ் சொல்லி எய்தாலும் அது ஹலாலாகப் போவதில்லை.

எய்து பழக வேண்டுமானால் வைக்கோல் பொம்மை இருக்கிறது, அட்டை இருக்கிறது. உயிருள்ளதை இலக்காக வைத்து எய்வதை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். கோழி ஒன்றைக் கட்டி வைத்து எய்து கொண்டிருந்த இளைஞர்களைக் கண்டு இப்னு உமர் (ரலி) அவர்கள் இந்த ஹதீஸைத்தான் எடுத்துச் சொன்னார்கள். ஒரு சிட்டுக்குருவியை வீணுக்குக் கொன்றாலும் அது மறுமையில் அல்லாஹ்விடம் முறையிடும் என்று நஸாயீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்கள் பேசியிருக்கிறார்கள் என்றாலும், வீண் விளையாட்டுக்காக உயிர் பறிப்பது தகாது என்ற கருத்துக்கு வேறு ஆதாரங்களும் இருப்பதால் இமாம்கள் அதை எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பன்றியை எய்வதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே நியாயம் தீங்கைத் தடுப்பது. வில் அந்தத் தீங்கைத் தடுக்கிறதா? இங்கே அனுபவஸ்தர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்பு இரத்தம் வடியச் செய்துதான் கொல்லும். எனவே நெஞ்சுக்கூட்டுக்குள் சரியாகப் புக வேண்டும். பன்றிக்கு இருதயம் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் கேடயம் போலத் தடித்த நார்த்தோல் உண்டு, அதில் பட்டால் அம்பு ஆழம் போகாது. கப்பி வைத்த நவீன வில்லானாலும் இருபது முப்பது கஜத்துக்குள் நெருங்கி எய்தால்தான் உத்தரவாதம். காயத்தைக் கொழுப்பும் அடர்ந்த மயிரும் அடைத்துக் கொள்வதால் தரையில் இரத்தச் சொட்டும் அதிகம் விழாது. இரவு நேரம், முள்புதர். கை தேர்ந்தவனுக்கே தடம் தவறும். புதிதாக வில் வாங்கிய நம் பிள்ளை எய்த பன்றி, வயிற்றில் அம்போடு எங்கோ கிடந்து இரண்டு நாள் துடித்துச் சாகும். அது தாய்ப் பன்றியாக இருந்தால் பால்குடிக் குட்டிகளின் கதி வேறு.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நம் வீடுகளில் குர்பானி நேரத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது. கத்தியைத் தீட்டிக் கொள்ளுங்கள், அறுக்கும் பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்பது அதன் பிற்பகுதி. அதற்கு முன்னால், எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், கொன்றால் அழகிய முறையில் கொல்லுங்கள் என்றும் பொதுவாக வருகிறது. அறுப்பது வேறு, கொல்வது வேறு என்று இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதால், உண்ணாத பிராணியும் அதில் அடங்கிவிட்டது. பன்றிக்கு அதில் விதிவிலக்கு இல்லை. நஜிஸான பிராணிதானே, எப்படிச் செத்தால் என்ன என்று நினைப்பவர் நஜிஸையும் பாவத்தையும் குழப்பிக் கொள்கிறார். பன்றி நஜிஸ், ஆனால் அது ஒரு பாவமும் செய்யவில்லை.

பலனாவது உண்டா என்றால் அதுவும் சொற்பம். ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்தால்தான் தொகை ஏறாமல் நிற்கும் என்கிறார்கள். வில்லுக்கு ஒன்று விழும், மற்றவை சிதறி அடுத்த பண்ணைக்குப் போகும். டென்னஸி மாநிலத்தில் 1999-ல் மாநிலம் முழுவதும் பன்றி வேட்டையைத் திறந்து விட்டார்கள். குறைவதற்குப் பதிலாகப் புதுப் புது வட்டாரங்களில் பன்றி முளைத்தது. காரணம், வேட்டைப் பிரியர்களே பன்றியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தங்கள் பக்கத்தில் விட்டதுதான்! 2011-ல் அந்த விளையாட்டு வேட்டையை நிறுத்தினார்கள். மிசூரி மாநிலத்தின் வனப் பாதுகாப்புத் துறையும் 2016-ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடுத்துவிட்டது. அவர்கள் கைக்கொண்டது பெரிய கம்பிப் பட்டி. சோளத்தைப் போட்டுப் பல நாள் பழக்கி, தாயும் குட்டியுமாக முழுக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை இறக்கி, அருகிலிருந்து ஒரே குண்டில் முடிப்பது. பயிரும் பிழைக்கிறது, பிராணியும் வதைபடுவதில்லை. நண்பரின் பண்ணைக்கு உதவ விரும்பும் பிள்ளை அந்தப் பட்டியைக் கட்டக் கை கொடுக்கட்டும். அதில் கவர்ச்சி குறைவு என்பது தெரிந்ததே.

வேறு சாதனமே இல்லை, பன்றி தோட்டத்துக்குள் நிற்கிறது, கையில் வில்தான் இருக்கிறது, எய்யவும் தெரியும் என்றால் எய்யலாம். தடம் பார்த்துத் தேடி முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். நாய்களை ஏவிக் கடித்துக் குதற விட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதன் பக்கமே போக வேண்டாம்.

நம் ஊர் விவசாயிகள் இதைப் படித்துவிட்டு வேலிக்கு மின்சாரம் வைக்கக் கிளம்பிவிடக் கூடாது. நம் நாட்டில் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றியானாலும் தானாக வேட்டையாட நமக்கு அனுமதி இல்லை, வனத்துறையிடம்தான் முறையிட வேண்டும். அவுட்டுக்காய் வைப்பதோ சட்டப்படியும் குற்றம், மேலே சொன்ன ஹதீஸின்படியும் குற்றம். பன்றிக்கு வைத்ததைப் பசு கடித்து வாய் சிதறி, தீனி எடுக்க முடியாமல் பட்டினியால் சாவதை மலையடிவார ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

இனி சுத்தம் பற்றி. போய்த்தான் வந்துவிட்டான், சட்டையில் இரத்தம் என்றால் என்ன செய்வது? ஷாபிஈ மத்ஹபில் பன்றி, நாயைப் போலக் கடும் நஜிஸ். முதலில் இரத்தத்தைப் போக்கி, ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். ஹனபி மத்ஹபில் மற்ற நஜிஸைப் போலவே. ஏழு என்ற எண்ணும் மண்ணும் நிபந்தனையல்ல. ஈரமில்லாத பன்றி மீது ஈரமில்லாத கையோ துணியோ பட்டால் நஜிஸ் ஒட்டாது. ஷாபிஈ வீட்டு மருமகள் அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு மெஷினில் போட்டுவிட்டால் அத்தனை துணியையும் கழுவும் வேலை வரும், ஆகவே தனியாக வைத்துவிடுவது நல்லது. கையுறை இல்லாமல் பன்றி இரத்தத்தைத் தொடுவதால் புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் தொற்றும் என்று அந்நாட்டு மருத்துவர்கள் எச்சரிப்பதையும் மறக்கக் கூடாது. தோலைப் பதனிட்டாலும் இரு மத்ஹபுகளிலும் சுத்தமாகாது. முற்காலத்தில் செருப்புத் தைக்கப் பன்றி மயிர் தவிர வேறு கிடைக்காத நிலையில், ஹனபி இமாம்கள் அதற்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். இன்று நைலான் நூல் இருக்கிறது.

செத்த பன்றியையோ பட்டியில் பிடித்ததையோ விற்கக் கூடாது. டெக்ஸாஸில் உயிரோடு விலைக்கு வாங்கிக் கொள்ளும் நிலையங்கள் உண்டு. அந்தக் காசு நமக்கு ஆகாது. மக்கா வெற்றி ஆண்டில் மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் விற்பனையை நபி (ஸல்) அவர்கள் ஹராமாக்கியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நிலத்துக்காரரிடமே விட்டுவிட வேண்டியதுதான்.

அதே பிள்ளை அதே வில்லோடு, உரிய பருவத்தில் உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போவானானால் அதீ (ரலி) அவர்கள் கேட்ட மஸ்அலாக்கள் அத்தனையும் அப்போதுதான் பயன்படும். எய்யும்போது பிஸ்மில்லாஹ் சொல்வது ஷாபிஈயில் சுன்னத்து. ஹனபியில் வேண்டுமென்றே விட்டால் உண்ணக் கூடாது. மான் உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்தாக வேண்டும். பன்றி இரத்தம் பட்ட அம்பைக் கழுவாமல் மான் மீது எய்திருந்தால், வேட்டை நாய் கவ்விய இடத்துக்கு ஷாபிஈ நூல்களில் சொல்லியிருக்கும் சட்டத்தை இதற்கும் பொருத்திக் கொள்ளலாம். அந்த இடத்தை மண்ணும் நீரும் கொண்டு கழுவினால் போதும், வெட்டி எறிய வேண்டியதில்லை என்பதே வலுவான சொல்.