அரைப்பதன்று, உடைப்பது

பொருளைப் பொடியாக்கினால் அதன் புறப்பரப்பு பெருகும். பரப்பு பெருகினால் வினை விரையும். இது இரசாயனம் பயிலும் நண்பர்கள் முதலாண்டிலேயே கேட்கும் பாடம். பாடம் பொய்யன்று. ஆயினும் இதை மட்டும் நம்பித் தானியத்தை அரைப்பவன் திகைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. மேனாடுகளில் வீட்டிலேயே சிறு அளவில் பீர் காய்ச்சுவோரின் சமையற்கட்டே அவ்விடம்.

வீட்டில் பீரா என்று புருவத்தை உயர்த்த வேண்டா. இங்கிலாந்தில் 1880 முதல் இதற்கு உரிமம் தேவைப்பட்டது. 1963-இல் அத்தேவை நீங்கியது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயது வந்த ஒருவர் தம் வீட்டு உபயோகத்திற்காக ஆண்டுக்கு 100 காலன் வரை கூட்டரசு வரியின்றிக் காய்ச்சலாம். நம் நாட்டில் கதை வேறு. மது மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. உரிமமின்றிக் காய்ச்சுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். எனவே விடுதி அறையில் செய்து பார்க்க வேண்டிய செயல்முறையாக இதை எவரும் கொள்ளற்க! தானியத்தை உடைப்பதில் உள்ள நுட்பம் மட்டுமே இங்கு நாம் காண்பது.

பீருக்குரிய தானியம் பார்லி. அதை நீரில் ஊறவைத்து, சில நாள் முளைவிடச் செய்து, சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவதும் இதே வேலைதான். முளைக்கும்போது மணிக்குள் என்சைம்கள் பிறக்கின்றன. மாப்பொருளைச் சிறைப்படுத்தி வைத்திருந்த செல் சுவர்களும் கரைகின்றன. பச்சைப் பார்லி பல்லுக்கு அசையாது. மால்ட்டோ கடித்த மாத்திரத்தில் பொரியைப்போல் நொறுங்கும். இதை உடைத்து, ஏறக்குறைய 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், என்சைம்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டு சேர்ப்பார்கள்.

‘வடித்தெடுத்து’ என்ற சொல்லில்தான் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. வடிகட்டுவதற்குத் துணி கிடையாது. கலத்தின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்று இருக்கும். அதன்மேல் படியும் பார்லி உமியே வடிகட்டி. உமி முழுதாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையிடையே சந்து விட்டு, மெத்தைபோல் அமையும். நீர் தெளிந்து இறங்கும். உமி தூளாகிவிட்டால் மாவும் தூளும் பிசைந்து களியாகிச் சந்துகளை அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வராது. உள்ளே ஐந்து கிலோ மால்ட்டின் சர்க்கரை சூடாக நிற்கும், எடுக்கத்தான் வழியிராது.

கணக்கிட்டுப் பார்ப்போம். துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடைக்குப் புறப்பரப்பு இரு மடங்காகிறது. இது இலாபம். ஆனால் துகட்படுகை ஒன்றின் ஊடே நீர் இறங்கும் வேகம், மற்றவை மாறாதிருக்க, விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஒழுக்கு நாலில் ஒன்றாகும். வரவு இரண்டு மடங்கு, இழப்பு நான்கு மடங்கு! அந்த வரவும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சுமாராக உடைந்த மால்ட்டுக்கே என்சைம்களுக்கு ஒரு மணி நேரம் போதும். இதற்காக உடைக்காமலே விட்டுவிடவும் முடியாது. முழுமணிக்குள் நீர் எளிதில் புகாது. அது கொடுக்க வேண்டிய சர்க்கரையைத் தன்னுடனே வைத்துக்கொண்டு குப்பைக்குப் போகும்.

ஆக, வேண்டியது உள்ளே நொறுங்கி வெளியே கிழியாத மணி. உளுந்தைத் திரிகையிலிட்டு உடைக்கும் நம் பாட்டிமார் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பருப்பு இரண்டாக வேண்டும், மாவாகக் கூடாது. கல்லின் இடைவெளியே வித்தையெல்லாம்.

வீட்டுக் காய்ச்சுநர் பெரிதும் விரும்புவது இரட்டை உருளை எந்திரத்தை. வரி வெட்டிய இரண்டு எஃகு உருளைகளின் நடுவே மணி அகப்பட்டு நசுங்கும். தேய்வு குறைவு, ஆதலால் உமி பிழைக்கிறது. இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மோட்டார் மெக்கானிக்குகள் கையாளும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி இதை அளப்பார்கள். கைப்பிடியால் சுற்றலாம், துளையிடும் மின்கருவியை மாட்டியும் சுற்றலாம், ஆனால் மெதுவாக. மலிவு நாடுவோர், தென்னமெரிக்காவில் மக்காச்சோளம் அரைக்கும் கொரோனா என்னும் கைஎந்திரத்தை வாங்குவர். அது இரு தட்டுகளால் தேய்ப்பது. தட்டுகளை நன்கு தளர்த்தினாலன்றி உமி கிழியும். சுழலும் கத்தி கொண்ட மிக்சியோ இதற்கு அறவே ஆகாது.

அழகான உபாயம் ஒன்று: உடைப்பதற்குச் சிறிது முன் மால்ட்டின்மேல் அதன் எடையில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு நீரைத் தெளித்துப் பிசறி வைப்பது. ஐந்து கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேற்படாது. மேலுள்ள உமி பதமாகித் தோல்போல் துவளும். உள்ளிருக்கும் மாவு உலர்ந்தபடியே நொறுங்கும்.

சோதிப்பதற்குக் கருவி வேண்டா. ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால் போதும். முழுமணி தென்படக்கூடாது, உமி ஏறக்குறைய முழுதாக, வெறுங்கூடாகக் கிடக்க வேண்டும், உள்ளீடு மூன்று நான்கு துண்டாயிருக்க வேண்டும், விரலில் ஒட்டும் மாவு சிறிதே இருக்கலாம். கடையிலேயே உடைத்து வாங்குவோர் பலர் பையைப் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. பிறகு சர்க்கரை குறைந்ததற்கு வெப்பமானியைக் குறை சொல்வார்கள்.

கிழிந்த உமியால் பீர் துவர்க்கும் என்பதும் ஒரு பேரச்சம். துவர்ப்பு உமியில் உள்ளதுதான். ஆனால் அலசும் நீர் 77 பாகையைத் தாண்டும்போதும் காரத்தன்மை மிகும்போதுமே அது பெரிதும் இறங்குகிறது. என் கணிப்பில், உமி கிழிவதால் முதலில் கெடுவது சுவையன்று, ஒழுக்கு.

எந்திரத்தை எங்கே வைப்பது என்பதும் அற்பமன்று. தானியத் தூசியில், இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் கூட்டத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் உண்டு. ஆறிய சாற்றில் அத்தூசி விழுந்தால் பீர் புளித்துப்போகும். ஆகவே உடைப்பது ஓர் அறை, புளிக்கவைப்பது வேறோர் அறை.

உமியை நம்பாதவர்களும் உளர். மால்ட்டைத் துணிப்பையில் கட்டி ஊறவைப்போருக்குத் துணியே வடிகட்டியாதலால், இன்னும் நுண்ணிதாக உடைக்கலாம். அழுத்தி வடிக்கும் எந்திரம் உள்ள பெரிய ஆலைகள் மாவாகவே அரைத்துவிடுகின்றன. இடர்ப்படுவது கோதுமைப் பீர் காய்ச்சுபவர்தாம். போரடிக்கும்போதே கோதுமை தன் உமியை விட்டுவிடுகிறது. மெத்தைக்கு உமி வேண்டுமே! அதற்காக அவர் கடையிற் சென்று விலைக்கு வாங்கிவந்து கலப்பது எது தெரியுமா? நம் நெல் ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அந்த நெல்லுமிதான்.