விலையின்றி இறக்கிய நூல்

நூலைக் களவாடுவோன் அதனை உடையவனுக்கு இல்லாமற் செய்கின்றான். இணையவழி அதன் படியை இறக்கிக்கொள்வோனோ எவரிடத்திருந்தும் ஒன்றையும் அகற்றுகின்றானில்லை. மூலம் இருந்தபடியே இருக்க, படி மாத்திரம் பெருகுகின்றது. ஆதலின் இது களவன்று என நம் மாணவருட் சிலர் வாதிப்பர். அவ்வாதத்திற் சிறிது உண்மையுண்டு. ஆயினும் பதிப்புரிமை என்பது தாளின்மேலும் மையின்மேலும் உள்ள உரிமையன்று. படியெடுக்கும் உரிமையே அதன் உயிர்நிலை. நம் நாட்டுச் சட்டப்படி அவ்வுரிமை ஆசிரியர் வாழ்நாளளவும், அவர் மறைந்தபின் 60 ஆண்டும் நிற்கும்.

கற்போர்க்கு யாதொரு சலுகையும் இல்லையோ எனின், உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்து நகலெடுக்குங் கடையொன்று, ஆசிரியர் குறித்த பகுதிகளைப் பல நூல்களினின்றும் தொகுத்துப் படியெடுத்து மாணவர்க்கு விற்றுவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனத்தாரும் 2012இல் வழக்குத் தொடுத்தனர். கற்பித்தலின் பொருட்டு, அதற்கு வேண்டிய அளவிற் படியெடுத்தல் குற்றமன்றென 2016இல் உயர்நீதிமன்றம் கூறிற்று. 2017இல் பதிப்பகத்தார் வழக்கைக் கைவிட்டனர். மாணவராகிய நாம் இதனைக் கேட்டு மகிழ்ந்தோம்.

நிற்க. சென்ற ஆண்டு வெளிவந்த தமிழ் நாவலை முழுதும் ஒளிவருடி, செல்பேசிக் குழுக்களிற் பரப்புவோரும் இத்தீர்ப்பையே கேடயமாக ஏந்துகின்றனர். ஆண்டுப் பாடம் யாது? ஆசிரியர் யாவர்? 300 ரூபாய் விலையுள்ள நூலுக்குப் பத்தில் ஒரு பங்கு ஆசிரியர்க்கு அளிப்பது பெருவழக்கு. படிக்கு 30 ரூபாயாயிற்று. இறக்குவோர் அனைவரும் வாங்கக்கூடியவரென்று நாம் கூறோம். பலர் ஒருகாலும் வாங்கார். எனினும் நூறு பேர் பின்வாங்கின் ஆசிரியர்க்கு 3,000 ரூபாய் போகும். அவர் ஒருவாறு அதனைப் பொறுப்பர். சில நூறு படிகளே அச்சிடும் சிறு பதிப்பாளர்க்கோ இட்ட முதலே மீளாது. அவர் அடுத்து வெளியிடக் கருதிய நூல் கையெழுத்துப் படியாகவே கிடக்கும்.

விலையின்றிப் படிக்க நேரிய வழிகளும் உள. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை யாவர்க்கும் அளிக்கின்றது. பாரதியார் நூல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. தமிழறிஞர் பலருடைய நூல்களும் அங்ஙனமே, மரபுரிமையாளர்க்குப் பரிவுத்தொகை அளிக்கப்பட்டு, நாட்டுடைமையாயின.

இனி, ஆனர்ஸ் வகுப்பிற்கு வேண்டும் ஆராய்ச்சி நூல்களுட் சில மறுபதிப்பே காணாதவை. விலைகொடுக்க நாம் ஒருப்படினும் விற்பாரில்லை; உரிமையாளர் யாவரென்பதும் புலப்படாது. அத்தகைய நூலைப் படியெடுத்தலால் எவருடைய ஊதியம் குறைகின்றது? இவ்வொன்றில் நம் உள்ளம் சட்டத்தோடு முற்றும் இயையவில்லை.