கணவருக்கோ மனைவிக்கோ கீமோ, கதிர்வீச்சா?

1. தெர்மாமீட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று மணிக்கணக்கில் முற்றிவிடும். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும்.

2. ஆறிய இட்லி, தயிர்சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சூடு தணிந்தால் குமட்டும் வாசனையும் தணியும். 'இன்னும் ரெண்டு வாய்' என்று கெஞ்ச வேண்டாம், பாவம்.

3. கதிர்வீச்சுக்காகத் தோலில் போட்ட மைக்குறியைத் தேய்க்க விடாதீர்கள். அதை வைத்துத்தான் இடம் பார்க்கிறார்கள். அங்கே எண்ணெய், மஞ்சள், பவுடர் எதையும் கேட்காமல் பூசாதீர்கள். தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும்.

4. உறவினர் சொல்லும் கஷாயத்தை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் மருந்தோடு மோதும்.

5. வண்டியில் கெட்டியான பை, துண்டு, தண்ணீர் வையுங்கள். வாந்தி சொல்லிக்கொண்டு வராது.